சரிந்த நான்கு முள்ளெலும்புகள்

முதுகெலும்பைப் பக்கவாட்டில் படம் எடுப்பது எனக்குப் பிடித்த வேலை. வளைகுடா நகரம் ஒன்றில், ஒரு மருத்துவ மையத்தின் எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். கை முறிந்தவர்கள், நெஞ்சில் சளி கட்டியவர்கள், விசா புதுப்பிக்கச் சோதனைக்கு வந்தவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். ஆனால் முதுகுவலிக்காரர்கள்தான் அதிகம். கட்டட வேலை செய்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர்கள்.

அவர்களை மேசை மேல் இடப்பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும். முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோகச் சொல்ல வேண்டும். இடுப்புக்கு அடியில் ஒரு பஞ்சுக்கட்டையை முட்டுக் கொடுக்காவிட்டால் முதுகெலும்பு நடுவில் தொய்ந்துவிடும், ஒரு எலும்பின் மேல் இன்னொன்று ஏறின மாதிரி படம் விழும். எல்லாம் சரியானதும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து நின்று மூச்சை நிறுத்தச் சொல்ல வேண்டும். அதை எனக்குத் தமிழ் தவிர ஐந்து மொழியில் சொல்லத் தெரியும். அந்த ஐந்தில் மூன்றில் வேறு எந்த வாக்கியமும் தெரியாது. ஒரு மனிதன் என் முன்னால் சட்டையைக் கழற்றிப் படுத்திருப்பான். அவனிடம் எனக்குப் பேசத் தெரிந்தது அவ்வளவுதான்.

கழுத்தில் ஏழு, மார்பில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து என்று நம் முதுகில் இருபத்து நான்கு முள்ளெலும்புகள் தனித்தனியாக அசைகின்றன. அவற்றுக்குக் கீழே ஐந்து எலும்புகள் வளர வளர ஒட்டி ஒன்றாகிவிடும். கடைசியில் வால் இருந்த இடத்தில் சின்னச் சின்னதாக நான்கு துண்டுகள். அசையும் எலும்புகளுக்கு இடையில் டிஸ்க் என்கிற மெத்தை. அதில் நீர் நிறைய இருக்கும். நாள் முழுக்க நிற்பதிலும் நடப்பதிலும் அந்த நீர் கொஞ்சம் கசிந்து, சாயங்காலம் நாம் எல்லாருமே காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் குட்டையாக இருப்போம். படுத்து எழுந்தால் மெத்தை மறுபடி ஊறிக்கொள்ளும். எலும்பு அப்படி இல்லை. நசுங்கினால் நசுங்கினதுதான்.

இதெல்லாம் படிக்கும்போது தெரிந்துகொண்டது. பக்கவாட்டில் பார்த்தால் முதுகெலும்பு நேர்க்கோடு இல்லை என்பதும் அப்போது படித்ததுதான். கழுத்தில் முன்பக்கம், மார்பில் பின்பக்கம், இடுப்பில் மறுபடி முன்பக்கம் என்று மூன்று வளைவு. பிறந்த குழந்தைக்கு இந்த மூன்றும் இருக்காது, முதுகு முழுக்க ஒரே வளைவாகத்தான் இருக்கும். தலை நிற்கும்போது கழுத்து வளைவு வருகிறது. எழுந்து நடக்கும்போது இடுப்பு வளைவு வருகிறது. என் மகள் பிறந்து நாற்பதாம் நாள் முடிந்த மறு வாரம் நான் கிளம்பிவிட்டேன். அடுத்த விடுப்பில் வந்தபோது அவள் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். கழுத்து வளைவும் இடுப்பு வளைவும் நான் இல்லாமலே வந்து முடிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் தாயின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எங்கள் காரைக்காலில் வெளிநாடு போவதைச் சபர் என்போம். சபருக்குப் போகாத ஆண் எங்கள் தெருவில் குறைவு. கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். வீடு பெண்ணுக்கு. ஆகவே நான் விடுப்பில் வந்து இறங்கும் வீடு என் மனைவி பிறந்து வளர்ந்த வீடு. சுற்றியிருப்பவர்கள் அவளுடைய சொந்தக்காரர்கள். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது, எந்த ஜன்னல் கொக்கி பிடிக்காது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் வந்து போகிற ஆள். பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்து முடித்தபின் எனக்கு அங்கே பெரிதாக வேலை இருக்காது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் நெஞ்சு விசிலடிக்கும். போனில் கேட்டால், மாத்திரை போட்டேன், சரியாகிவிட்டது என்பாள். ஒரு விடுப்பில் அந்த மாத்திரை அட்டையை அலமாரியில் பார்த்தேன். சின்ன வெள்ளை மாத்திரை. அட்டையின் பின்னால் இருந்த பெயரைப் படித்தேன். ஸ்டீராய்டு. டாக்டர் எழுதிக் கொடுத்ததா என்று கேட்டதற்கு, எப்போதோ ஒரு டாக்டர் எழுதியது, அதற்கப்புறம் மருந்துக்கடையில் வீசிங் மாத்திரை என்று கேட்டாலே கொடுக்கிறார்கள் என்றாள்.

அந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களின் எலும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மேசையில் அப்படிப்பட்டவர்கள் படுத்திருக்கிறார்கள். எலும்பின் ஓரம் மட்டும் பென்சிலால் கோடு போட்ட மாதிரி தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. தெரிந்தும் நான் என்ன சொன்னேன் என்றால், கண்ட மாத்திரையைப் போடாதே, நல்ல டாக்டராகப் பார் என்றேன். அவள் சரி என்றாள். அதற்கு மறுநாள் எனக்கு விமானம். பெட்டி கட்டும் அவசரத்தில் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபின் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சில வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை போன் பேசும்போது, கட்டிலை இழுத்துப்போட்டுப் பெருக்கினேன், நடு முதுகில் சுள்ளென்று பிடித்துக்கொண்டது, மூன்று நாளாக நிமிர முடியவில்லை என்றாள். நான் சுளுக்கு என்றேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பெட்டியில் வைத்திருக்கும் தைலத்தைத் தடவச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க எத்தனையோ பேருடைய முதுகைப் படம் எடுத்திருந்தேன். சந்தேகம் இருந்தால் படம் எடு என்று டாக்டர்கள் எழுதுவதைத் தினமும் படித்துக்கொண்டிருந்தேன். இவளை ஒரு படம் எடுக்கச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். அவள் குரல் எப்போதும்போல இருந்தது. வலியைச் சொல்லிவிட்டு உடனே மகளின் பரீட்சைக்குப் போய்விட்டாள்.

வீடியோ கால் வந்தபிறகு அவளை வாரம்தோறும் பார்க்க முடிந்தது. அவள் போனைச் சமையல் மேடையில் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டே பேசுவாள். அவள் முகமும் பின்னால் சுவரும் தெரியும். முகம் அப்படியேதான் இருந்தது.

விடுப்பில் வந்தபோது ஒன்றே ஒன்றைக் கவனித்தேன். கொடியில் காய்ந்த அவளுடைய புர்காவின் கீழ்ப்பக்கம் மடித்துத் தைத்திருந்தது. அந்தத் தையலுக்குக் கீழே பழைய மடிப்பின் தையல் பிரித்த கோடு, ஊசி போன துளைகளோடு தெரிந்தது. எதற்கு இத்தனை முறை தைத்தாய் என்று கேட்டேன். துணி இழுத்துக்கொண்டே போகிறது, நடந்தால் காலில் தட்டுகிறது, தையல்காரரிடம் கொடுத்து மடித்து அடித்தேன் என்றாள். நீங்கள் வாங்கி வரும் துணியே அப்படித்தான் என்று சிரித்தாள். நானும் அடுத்த முறை வேறு துணி வாங்கி வந்தேன்.

ஐம்பத்தெட்டு வயதில் என்னை அனுப்பிவிட்டார்கள். அறைக்குப் புது இயந்திரம் வந்தது, அதோடு புது ஆளும் வந்தார். நான் ஊருக்கு வந்த அதே வருடம் என் மகள் கணவனோடு வளைகுடாவுக்குப் போனாள். நான் இறங்கிய விமான நிலையத்தில்தான் மூன்று மாதம் கழித்து அவர்களை ஏற்றிவிட்டேன்.

நான் ஊர் திரும்பிக் காரில் வந்து இறங்கிய அன்று என் மனைவி வாசலுக்கு வந்து நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றதும் அவள் தலை என் நெஞ்சுக்கு வந்தது. கல்யாணத்தன்று என் தாடைக்கு வந்த தலை. கொரோனா காலத்தில் விடுப்பு இல்லாமல் போய், நான் அவளை நேரில் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தோள் முன்னால் விழுந்து, முதுகு கூன் போட்டு, வயிறு துருத்திக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்ப்பதற்காகக் கழுத்தைப் பின்னால் மடக்கினாள். அந்தக் கழுத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மார்பு வளைவு கூடும்போது பார்வையை நேராக வைக்கக் கழுத்து அப்படித்தான் பின்னால் போகும். எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். பெட்டியை வைத்துவிட்டு, மெலிந்துவிட்டாயே என்று மட்டும் சொன்னேன். பக்கத்து வீட்டார் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவளைப் படம் எடுக்கக் கூட்டிப்போக எனக்கு இரண்டு வாரம் ஆனது. வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே என்றாள். அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. கடைசியில் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். அந்த ஸ்கேன் சென்டரில் இளம்பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். நானும் இதே தொழில்தான், என் மனைவியை நானே படுக்க வைக்கலாமா என்று கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

இருபத்தாறு வருடம் செய்த வேலை. ஆனால் என் மனைவியை அந்த மேசையில் படுக்க வைக்கும்போது கை சரியாக வரவில்லை. இடப்பக்கம் திருப்பினேன். முழங்காலை மடக்கினேன். கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை, முகத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். முட்டுக் கொடுக்க விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே கையை விட்டேன். அங்கே இடமே இல்லை. கடைசி விலா எலும்பு இடுப்பெலும்பின் மேல் கிட்டத்தட்ட உட்கார்ந்திருந்தது. அவள் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் கூச்சமா, நான் தொடுவதாலா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். கணவன் மனைவியாக இருபத்தாறு வருடத்துக்கு மேல் இருந்தாலும், ஒரே வீட்டில் நாங்கள் இருந்த மாதங்களைக் கூட்டினால் மூன்று வருடத்துக்கு வராது.

திரையில் படம் வந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, மீன் முள்ளெலும்பு என்பார்கள். மீனின் நடுமுள்ளை உடைத்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் மேலும் கீழும் குழிந்திருக்கும். எலும்பில் சத்துப் போனால் மனிதனுக்கும் அப்படி ஆகும். அவளுடைய இடுப்பு எலும்புகள் எல்லாம் அப்படிக் குழிந்திருந்தன. மார்பின் எட்டாவது எலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. பதினொன்றாவதும் அப்படியே. பன்னிரண்டாவது பாதி உயரம்தான் இருந்தது. இடுப்பின் முதல் எலும்பு அதற்குக் கீழே சரிந்திருந்தது. நான்கு எலும்புகள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் போய் என் மனைவியை மேசையிலிருந்து மெதுவாக எழுப்பி உட்கார வைத்தேன்.

என்ன தெரிகிறது என்று கேட்டாள். எலும்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒடஞ்சிருக்கா?"

"ஒடைஞ்சு ஆறியிருக்கு."

"எத்தன எடத்துல?"

"நாலு."

அவள் புர்காவைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "ஒண்ணு கட்டில இழுத்தப்ப. அது ஒங்களுக்குத் தெரியும், ஒத்தடம் குடுக்கச் சொன்னீங்க. ஒண்ணு புள்ள கல்யாணத்துல. சகனா அடுக்கித் தூக்குனேன்ல, அப்ப. ஒண்ணு மழைக்காலத்துல இருமி இருமி. கடைசி ஒண்ணு, போலகத்துல ஒரு மௌத்துக்குப் போயிட்டு வந்தப்ப பஸ்ஸுல தூக்கிப் போட்டுச்சு. கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு."

மௌத்து என்றால் சாவு. விருந்தில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டுதான் சகன். மகள் கல்யாணத்தன்று சகன்களை அடுக்கிக்கொண்டு அவள் போனதை நான் பார்த்திருக்கிறேன். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்திருந்தேன். அவள் சட்டென்று நின்று சுவரைப் பிடித்ததையும் பார்த்தேன். களைப்பு என்று நினைத்தேன்.

"பஸ் விஷயம் நீ சொல்லவே இல்லையே" என்றேன்.

"மழைக்காலத்துல நடந்ததையும் சொல்லல. சொன்னா நீங்க அங்கேருந்து என்ன பண்ணுவீங்க? காலையில வேலைக்குப் போகணும்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கணக்காகவும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். எது பழைய முறிவு, எது புதியது என்று படத்தைப் பார்த்து என்னால் ஓரளவு சொல்ல முடியும். எது எந்த நாள் என்று எந்தப் படமும் சொல்லாது. அந்த நான்கு நாட்களையும் அவள் தனியாகவே வைத்திருந்தாள். ஆட்டோவில் திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் நான் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது அவள் என் கையை லேசாகத் தட்டினாள், போதும் என்கிற மாதிரி.

டாக்டர் மாத்திரையை உடனே நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து கொடுத்தார். எலும்புக்கு வருடத்துக்கு ஒரு ஊசி, தினமும் கால்சியம், முதுகுக்கு ஒரு பெல்ட். நசுங்கினதை நிமிர்த்த முடியாது, இனிமேல் நசுங்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அது தெரியும். இருந்தாலும் வேறொருவர் வாயால் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் மூன்று வருடம் நாங்கள் சேர்ந்து இருந்தோம். அதுதான் எங்கள் வாழ்க்கையில் தொடர்ச்சியாகச் சேர்ந்து இருந்த ஒரே காலம். படுக்கையிலிருந்து எழுவதற்கு அவள் மல்லாந்தபடியே நெஞ்சைத் தூக்கி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுவாள். அப்படி எழக்கூடாது, முதலில் உடம்பை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் உருட்ட வேண்டும், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட வேண்டும், பிறகு கையை ஊன்றி எழ வேண்டும் என்று காட்டினேன். இரண்டாம் முறையே அவளுக்குப் பிடிபட்டது. வலி இல்லாமல் எழுந்து உட்கார்ந்தாள்.

"இத போன்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். எத்தனை வருடம், எத்தனை வெள்ளிக்கிழமை.

தொழுகைக்குக் குனிய முடியாது என்பதால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதாள். நான் ஏற்கெனவே குனிந்துதான் இருக்கிறேன், எனக்குத் தனியாக எதற்குக் குனிய வேண்டும் என்று ஒரு நாள் சொன்னாள். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். அவளே சிரித்தாள். வயிறு அழுந்தியிருந்ததால் ஒரு வேளைக்கு இரண்டு கைப்பிடிச் சோறுதான் இறங்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். சமையல் என் கைக்கு வந்தது. அவள் நாற்காலியில் இருந்தபடி சொல்லச் சொல்ல நான் செய்தேன். மேல் தட்டில் இருந்த சாமான்களை எல்லாம் கீழே இறக்கி வைத்தேன். அந்தத் தட்டு அவளுக்கு எட்டாமல் போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மேலே இருந்தவற்றில் பாதி காலாவதியானவை.

பேசுவதற்கு எங்களுக்கு அவ்வளவாக வரவில்லை. வாரத்துக்கு அரை மணி நேரம் போனில் பேசியே பழகியவர்கள். நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் காலையிலேயே பேச்சு முடிந்துவிடும். சில மதியங்களில் நான் வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பேன், அவள் உள்ளே இருந்து மகளோடு போன் பேசுவாள். என்னோடு பேசாத பல விஷயம் அந்தப் பேச்சில் இருக்கும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அது எனக்குப் போதும் என்றும் தோன்றும், போதாது என்றும் தோன்றும்.

முதுகு வளைந்தால் நுரையீரலுக்கு இடம் குறைகிறது. ஐப்பசி மழையில் அவளுக்குச் சளி பிடித்தது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் போகிற சளி. இவளால் இருமி வெளியே தள்ள முடியவில்லை. இருமினால் முதுகு வலிக்கும் என்று அடக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். படுக்க முடியாமல் தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தே இருந்தாள். ஐந்தாம் நாள் காலை நான் தேநீர் வாங்கப் போய்த் திரும்பியபோது நர்ஸ்கள் திரையை இழுத்திருந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். கணவனுக்கும் உரிமை உண்டு, ஆனால் எந்தக் கணவனும் உள்ளே போவதில்லை. நான் திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. என் மச்சினி, அவளுடைய தங்கை, திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மச்சான், லாத்தாக்குத் தலை கீழ படிய மாட்டேங்குது. பலகையில நேரா கெடத்த முடியல. லேசா அமுக்கவா?"

"அமுக்காதீங்க" என்றேன். "அது அப்படித்தான் இருக்கும். தலைக்கு அடியில துணிய நல்லா தடிப்பா சுருட்டி வைங்க. முழங்காலுக்கு அடியிலயும் ஒண்ணு. தோள் எவ்வளவு தூக்கியிருக்கோ அந்த அளவுக்கு வைங்க."

உள்ளே அவர்கள் பேசிக்கொள்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில், சரியாகிவிட்டது மச்சான் என்றாள். மறுபடி தண்ணீர் சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை அப்போதுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் வரவில்லை.

அடக்கம் செய்யும் மையவாடியில் மழை விட்டிருந்தது. குழியில் இறங்க நானும் அவள் தம்பியும் போனோம். கீழே தண்ணீர் கசிந்து மண் குளிர்ந்திருந்தது. மேலிருந்து அவளை இறக்கினார்கள். கையில் வாங்கியபோது அவ்வளவு கனம் இல்லை. எங்கள் முறைப்படி வலப்பக்கமாக, முகம் மக்கா இருக்கும் கிப்லாத் திசையை நோக்கி இருக்கும்படி சாய்த்துக் கிடத்த வேண்டும். மற்றவர்களை அப்படிக் கிடத்தும்போது நேரான முதுகு பின்னால் சாயப் பார்க்கும். இவள் உடம்பு தானாகவே அந்தப் பக்கம் சுருண்டு படிந்தது. அவள் தம்பி ஈர மண்ணை உருண்டை பிடித்துக் கொடுத்தான். நான் அவற்றை முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக அணைத்து வைத்தேன். எட்டாவது எலும்பு, பதினொன்று, பன்னிரண்டு, இடுப்பின் முதல் எலும்பு. சுற்றியிருந்த கபன் துணிக்கு மேலேயே அந்த வளைவு கைக்குத் தெரிந்தது. அவசரப்படவில்லை. மேலே யாரோ சீக்கிரம் என்றார்கள். அவள் தம்பி நிமிர்ந்து பார்த்து, இருங்கள் என்றான்.

கணவன் இறந்தால் பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா உண்டு. வீட்டிலேயே இருப்பாள், பெண்கள் வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள். ஆணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மூன்று நாள் ஆட்கள் வந்தார்கள். மகள் ஒரு மாதம் வந்து இருந்தாள். எங்களோடு வந்துவிடுங்கள் வாப்பா என்றாள். அந்த ஊரில் இருபத்தாறு வருடம் இருந்தாகிவிட்டது என்றேன். வீடு இனி அவளுடையது. அவள் வரும்வரை நான் அதில் இருக்கிறேன். மச்சினி அடுத்த தெருவில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமைகளில் குழம்பு கொடுத்தனுப்புவாள். மற்ற நாட்களில் வாசல் கதவை நான்தான் திறக்கிறேன், நான்தான் மூடுகிறேன்.

ஆறு மாதம் கழித்து, முன்பு நாங்கள் படம் எடுத்த அந்த ஸ்கேன் சென்டருக்கே போனேன். அந்த இளம்பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், ஆள் இல்லாமல் இருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் வருகிறேன் என்றேன். சேர்த்துக்கொண்டார்கள். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி லாரி ஓட்டுகிறவர்கள் வருகிறார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. இழுப்புள்ள பெண்கள் யாராவது வந்தால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறேன். அது என் வேலை இல்லை. சிலர் பதில் சொல்கிறார்கள், சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

போன மாதம் வரிச்சிக்குடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நடவு வேலைக்குப் போகிறவர். முப்பது நாற்பது வருடம் சேற்றில் குனிந்து நின்ற முதுகு. படம் எடுத்தால் எலும்புகள் கல் மாதிரி இருந்தன. ஓரங்களில் கொஞ்சம் முள் வளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒன்றும் பயமில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். மேசையில் உட்கார்ந்து தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். சோறு யார் ஆக்குவது என்று கேட்டார். நானேதான் என்றேன். கொண்டையை இறுக்கிக்கொண்டு மேசையிலிருந்து இறங்கினார்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் வந்தவர் உள்ளே வந்து, ஒரு பை நிறைய முளைக்கீரையை மேசை மேல் வைத்துவிட்டு, பஸ் வந்துவிடும் என்று போய்விட்டார். ஒரு ஆளுக்கு அது ரொம்ப அதிகம். பாதியை மச்சினி வீட்டில் கொடுத்தேன். மீதியை ஆய்ந்து, கழுவி, இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன்.